மூன்றாம் நம்பர் காரும் கேக் அக்காவின் காலும்

கேக் அக்கா கேக் சாப்பிட மாட்டார். ஒரு துண்டை நீட்டினால், "ஐயோ, எனக்கு வேணாம்ப்பா" என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பதினாலு வருடம் கேக்குக்குப் பயந்து பயந்து வண்டி ஓட்டியவருக்கு அதன்மேல் ஆசை எங்கிருந்து வரும்?

ஊரில் பேர் சொன்னால் தெரியும் ஒரு பேக்கரியில் டெலிவரி வேன் ஓட்டுவது அவர் வேலை. அதே பேக்கரியில் கேக் போடுவது அவருடைய கணவரின் வேலை. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அக்காவும் வெளியாட்களிடம் "எங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வார். மாஸ்டர் மூன்று அடுக்கு, நாலு அடுக்கு என்று கேக் கட்டி, சர்க்கரையில் ரோஜா செய்து, இதழ் இதழாக ஒட்டி, மூச்சுக்காற்றுகூடப் படாமல் பெட்டிக்குள் இறக்குவார். அதை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோதுகூட மனிதர் அப்படி நின்றதில்லை என்பது அக்காவின் நெடுநாள் குறை.

வேன் திரும்பி வந்ததும் மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"சேதாரம் உண்டா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் பேச்சு. மாஸ்டர் மறுபடி மாவுக்குள் கையை விட்டுவிடுவார்.

அந்த "இல்லீங்க" சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. அக்கா பிரேக்கை ஓங்கி மிதித்தார். நாய் பிழைத்தது, கேக் பிழைக்கவில்லை. மேல் அடுக்கில் கைகோத்து நின்றிருந்த சர்க்கரை மாப்பிள்ளையும் பெண்ணும் கீழ் அடுக்கின் கிரீமில் தலைகீழாக நட்டுக்கொண்டு கிடந்தார்கள். மாஸ்டர் திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் புதுசாக ஒன்று செய்து கொடுத்தார். அடுத்த மூன்று நாள் வீட்டிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி அன்றே மறந்திருப்பார். பேசாமல் இருந்ததுதான் உறைத்தது. அன்றிலிருந்து அவருடைய வலது கால் வேறு காலாக மாறிவிட்டது.

இருநூறு அடிக்கு முன்னால் சிக்னலில் மஞ்சள் விழுந்தால் போதும், கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிடும். வேன் தன் பாட்டுக்கு ஊர்ந்து போய்க் கோட்டருகே நிற்கும். பிரேக் என்பது பேருக்கு. வளைவு வந்தால், தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்புவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, அக்காவின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போவார்கள். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பின்னால் ரோஜா இருக்கிறது, அவருக்கு அதுதான் கவலை.

இதில் வயிறெரிந்த ஆள் ஒருவர் உண்டு. பேக்கரிக்கு எதிரில் டயர்க் கடை வைத்திருந்தவர். "உங்க வேனை நம்பி கடை போட்டிருந்தா நான் எப்பவோ மூட்டையைக் கட்டியிருப்பேன்க்கா. டயர் தேயுறதுக்கு முன்னாடி வயசாகி வெடிப்பு விட்டுடுதே!" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். பாராட்டுதானே?

பிறகு ஒருநாள் பேக்கரி முதலாளி வேனை விற்றுவிட்டு, டெலிவரியை மோட்டார் பைக்கில் பறக்கும் ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். மாஸ்டருக்கு வேலை இருந்தது, அக்காவுக்கு இல்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் அலமாரியை எட்டு முறை அடுக்கிக் கலைத்தார். மாஸ்டருடைய சட்டைகள் நிறவாரியாகப் போயின. "ஏதாவது வண்டி ஓட்டேன், புண்ணியமாப் போகும்" என்று மாஸ்டரே கெஞ்சும் நிலைமை வந்தது. அப்போதுதான் டயர் கம்பெனியின் சோதனை நிலையத்தில் டிரைவர் வேண்டும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

வேலை என்ன தெரியுமா? டயரைத் தேய்ப்பது. விளையாட்டில்லை, அதுதான் வேலையே. நாலு கார். நாலிலும் வெவ்வேறு ரப்பரில் செய்த டயர்கள். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சாலையில், ஒரே வேகத்தில், தினம் முந்நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். நெடுஞ்சாலை கொஞ்சம், மலைப்பாதை கொஞ்சம், முப்பத்தோரு வேகத்தடை உள்ள ஒரு கடைத்தெரு கொஞ்சம். வாரக் கடைசியில் கார்களைத் தூக்கி நிறுத்தி, டயரின் பள்ளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சின்ன கேஜை வைத்து அளப்பார்கள். எந்த ரப்பர் குறைவாகத் தேய்ந்ததோ அதற்கு மாலை மரியாதை. அக்காவுக்கு ஆறு மாதம் தற்காலிக வேலை. சரிப்பட்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி அலமாரி.

டிரைவர்களும் நாலு பேர். முப்பது வருடம் பேருந்து ஓட்டிவிட்டு வந்த ஆறடி உயரக்காரர் பஸ் அண்ணன். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ராக்கெட், பேரிலேயே ஆள் தெரியும். வாயே திறக்காத மூன்றாமவருக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார்கள். நாலாவது அக்கா. அக்காவின் உயரம் நாலடி பத்தங்குலம். இந்த உயரத்தில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது.

சோதனை நிலையத்தில் ஒரு கட்டளை சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. டிரைவர்கள் தினமும் கார் மாற வேண்டும். இன்று ஒன்றாம் நம்பர் ஓட்டினால் நாளைக்கு இரண்டாம் நம்பர், மறுநாள் மூன்று. யார் எந்த நாள் எந்தக் கார் என்று அட்டவணை போட்டிருந்தது. ஓட்டியவர் தன் பேருக்கு எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவும் முதல் வாரம் ஒழுங்காக மாறி மாறித்தான் ஓட்டினார். மாறும்போதெல்லாம் தன் இரண்டு மெத்தைகளையும், உட்கார ஒன்று, முதுகுக்கு ஒன்று, தூக்கிக்கொண்டு போய், சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி வைப்பார். மறுநாள் அதே காரில் ஏறும் பஸ் அண்ணன், இழுத்து வைத்த சீட்டைக் கவனிக்காமல் உட்கார்ந்து முட்டியை இடித்துக்கொள்வார்.

மூன்றாம் முறை இடித்துக்கொண்ட அன்று பஸ் அண்ணன் நொண்டிக்கொண்டே வந்தார்.

"இந்தாம்மா, எனக்கு இருக்கிறதே ரெண்டு முட்டி. நீ பேசாம மூணாம் நம்பர்லயே இரு. நாங்க மூணு பேரும் மத்த மூணுல மாறிக்கிறோம்."

"அட்டவணை?"

"கையெழுத்துத்தானே, போட்டுக்கலாம்."

"இன்ஜினியர் சார் ஏதாவது சொன்னா?"

ராக்கெட் சிரித்தான். "யாரு ஓட்டுறாங்கன்னு டயருக்குத் தெரியுமாக்கா? அது பாட்டுக்கு உருளப்போகுது."

ரேடியோ தலையாட்டினார். அவர் தலையாட்டிவிட்டால் ஒருமனதாகத் தீர்மானம் என்று அர்த்தம். அன்றிலிருந்து மூன்றாம் நம்பர் கார் அக்காவுக்குச் சொந்தவீடு மாதிரி ஆகிவிட்டது. மெத்தை நிரந்தரமாகக் குடியேறியது. பஸ் அண்ணனின் முட்டி ஆறியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

உண்மையிலேயே மகிழ்ச்சியான நாட்கள் அவை. மலையடிவாரத்தில் டீக்கு நிறுத்துவார்கள். டிரைவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு டயரில்தான் போய் நிற்கும். ராக்கெட் டாக்ஸி ஓட்டிய காலத்தில் மொட்டை டயரோடு மழையில் போனானாம். பாலத்தின்மேல் வண்டி வழுக்கி முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றதாம். பின்னால் இருந்தவர் நடுங்கிப்போய், "ஏன்ப்பா சுத்தின?" என்று கேட்டிருக்கிறார். "ஆத்தைச் சுத்திக் காட்டினேன் சார்" என்றானாம் இவன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ராக்கெட், "அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை எனக்கு" என்று மெதுவாகச் சொன்னான். அக்காவுக்கு அது மனதில் நின்றுவிட்டது.

ஐந்தாவது மாதக் கடைசியில் மொத்தக் கணக்கைப் பார்த்தபோது சோதனை நிலையமே அமளிதுமளிப்பட்டது. மற்ற மூன்று கார்களிலும் எட்டு மில்லிமீட்டர் பள்ளத்தில் இரண்டரை தேய்ந்திருந்தது. மூன்றாம் நம்பரில் ஒன்று புள்ளி ஏழுதான். இன்ஜினியர் கேஜைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். வேறு கேஜ் கொண்டுவரச் சொல்லி அளந்தார். படுத்துக்கொண்டு அளந்தார். எப்போதும் பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்திருக்கும் மனிதர், அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஒன்றரை மடங்கு உழைக்குது! இந்த ரப்பருக்காக மூணு வருஷம் ராப்பகலா உழைச்சேன். திங்கட்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் வர்றாங்க. லேபிள்மேலயே அச்சடிக்கப்போறோம், ஒன்றரை மடங்குன்னு!"

டிரைவர்கள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். கேக் அக்காவும் சந்தோஷமாகச் சாக்லேட் சாப்பிட்டார். தன் காருக்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது. அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. மற்ற மூவருக்கும் உறைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பழி ஒருத்தர் தலையில் விழக்கூடாது.

உறைக்க வைத்தவர் மாஸ்டர். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்தவர், "உங்க ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்திருக்கு. டயர் மாதிரியே கேக் வேணுமாம். பள்ளம்கூட அச்சு அசலா இருக்கணும்னு இன்ஜினியர் படம் அனுப்பியிருக்காரு" என்றார்.

அக்கா பெருமையாக விஷயத்தைச் சொன்னார். மூன்றாம் நம்பர், என்னுடைய கார், ஒன்றரை மடங்கு, அதிசய ரப்பர். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காரை நீ மட்டுந்தான் ஓட்டினியா?"

"ஆமா. மெத்தை மாத்துறது தொல்லைன்னு..."

"ஏன்டி, நம்ம வேன் டயர் என்னிக்காவது தேஞ்சிருக்கா?"

வேன், வெடிப்பு விட்ட டயர், எதிர்க்கடைக்காரரின் புலம்பல் எல்லாம் வரிசையாக வந்து அக்காவின் கண் முன்னால் நின்றன. ரப்பரில் அதிசயமே இல்லை. சாதாரண ரப்பர். அதிசயம் ஏதாவது இருந்தால் அது அவருடைய காலில் இருந்தது.

"யாரு ஓட்டுறாங்கன்னு டயருக்குத் தெரிஞ்சிருக்குங்க" என்றார் அக்கா, ஈனசுரத்தில்.

திங்கட்கிழமை காலை மற்ற மூவரிடமும் முதலில் சொன்னார். ராக்கெட்டின் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, நாலு பேரும் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கோம். சொன்னா நாலு பேருக்கும் வேலை போயிடும். பேசாம கேக்கைத் தின்னுட்டுப் போயிடலாம்."

"நீதானே சொன்ன, மொட்டை டயர்ல பாலத்துல சுத்தினேன்னு? லேபிள்ல போட்டிருக்கிறதை நம்பி, இன்னும் நாள் இருக்குன்னு எவனாவது மழையில போனா?"

ராக்கெட் தரையைப் பார்த்தான். பஸ் அண்ணன் பெருமூச்சு விட்டார். "யோசனை சொன்னவன் நான். நானும் வர்றேன்" என்றார். ரேடியோ, பல மாதங்களில் முதல்முறையாக, "போகலாம்" என்றார்.

இன்ஜினியர் புதுச்சட்டை போட்டிருந்தார். அக்கா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து, தலைமை ஆபீஸ்காரர்களை வரவேண்டாம் என்று சொன்னார். அந்த நேரம் பார்த்து டெலிவரிப் பையன் கேக்கைக் கொண்டுவந்து வைத்தான். திறந்தால், டயர் ஒரு பக்கம் வெடித்துக் கிடந்தது. பைக்கில் பறந்து வந்த கேக் அல்லவா! "பங்ச்சர்" என்று ராக்கெட்டின் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. அன்றைக்கு அவனை இன்ஜினியர் அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

மூன்று வாரம் மாற்றி ஓட்டவைத்துப் பார்த்தார். மூன்றாம் நம்பரில் ராக்கெட், ஒன்றாம் நம்பரில் அக்கா. மூன்றாம் நம்பர் டயர் மற்றவற்றைப் போலவே ஒழுங்காகத் தேய்ந்தது. இப்போது ஒன்றாம் நம்பர் டயர் தேய மாட்டேன் என்றது.

"இத்தனை மாசமா நான் ரப்பரை அளக்கலைக்கா" என்றார் இன்ஜினியர். "உங்க காலை அளந்திருக்கேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒருமுறைகூடக் கீழே வந்து யார் எதில் ஏறுகிறார்கள் என்று பார்க்காமல் அட்டவணையில் தானும் கையெழுத்துப் போட்டிருந்ததால், மூன்று பேரையும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். அக்காவின் விஷயந்தான் சிக்கல்.

"டயரைத் தேய்க்கிற வேலைக்கு, தேய்க்கவே தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மாசக் கடைசியில உங்க ஆறு மாசம் முடியுது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஈரத்தடத்துல ஒரு இடம் காலி."

ஈரத்தடம் என்பது நிலையத்துக்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்சி வைத்த தார்ச்சாலை. அங்கே பார்ப்பது தேய்மானத்தை அல்ல, பிடிமானத்தை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறித்த இடத்தில் பிரேக்கை ஒரே மிதியாக, அடிவரைக்கும் மிதிக்க வேண்டும். டயர் எத்தனை அடியில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். மிதியில் கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் அந்த ஓட்டம் செல்லாது. பத்து ஓட்டத்தில் குறைந்தது எட்டு செல்ல வேண்டும்.

வியாழக்கிழமை அக்கா பத்து ஓட்டம் ஓடினார். பத்தும் செல்லவில்லை. மனம் "மிதி" என்றது. கால் "ரோஜா" என்றது. ஓங்கி மிதிக்கத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். எல்லாப் புதுக் காரிலும் அப்படித்தான் அதிரும், டயர் வழுக்காமல் இருக்கக் காரே செய்கிற வேலை அது. ஆனால் அந்த அதிர்வு பட்டதுமே அக்காவின் கால் சுட்டது மாதிரி மேலே எழுந்துவிடும். பக்கத்துச் சீட்டில் மடியில் கணினியோடு இருந்த இன்ஜினியர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தக் கோடு சுவர் மாதிரி நேரா நிக்கணும்க்கா. உங்களோடது சாய்வு நாற்காலி மாதிரி இருக்கு, பாருங்க. நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பார்க்கலாம். அதுக்குமேல என் கையில இல்லை."

வீட்டுக்கு வந்து அக்கா அழுதார். எவர் முன்னாலும் அழாதவர், அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். "பதினாலு வருஷம் எதைக் கத்துக்கிட்டேனோ அதுதாங்க இப்போ என் சோத்துல மண்ணைப் போடுது." மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு, "பேக்கரி வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிட்டார். பெண்டாட்டி அழும்போதும் பேக்கரியா என்று அக்காவுக்கு அழுகையோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

காலையில் அக்கா கிளம்பும்போது மாஸ்டர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நீட்டினார். அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டன. எடையை வைத்தே இரண்டு அடுக்கு என்று தெரிந்தது.

"யாருக்கு டெலிவரி?"

"யாருக்கும் இல்லை. உன் வண்டியில பின் சீட்டுல வை. கட்டாதே. உள்ள தாங்குறதுக்குக் குச்சிகூட வைக்கலை. நீ திரும்பி வரும்போது இது கேக்கா இருக்கக் கூடாது."

அக்கா அவரையே பார்த்தார். கிரீமில் விரல்ரேகை பட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருக்கும் மனிதர் சொல்கிற வார்த்தையா இது?

"ஒடச்சுட்டு வா" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

ஈரத்தடத்தில் காருக்குள் தின்பண்டம் கூடாது என்று பலகை இருந்தது. "தின்பண்டம் இல்லை சார், மருந்து" என்றார் அக்கா. இன்ஜினியர் பலகையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

முதல் ஓட்டம். எண்பது வந்தது. கோடு வந்தது. பின்னால் கேக் இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அது நேற்றைவிட மோசமாகிவிட்டது. கார் மயில் இறகு விழுவதுபோல அழகாக வந்து நின்றது. இன்ஜினியர் "செல்லாது" என்று குறித்துக்கொண்டார். அக்கா வழக்கப்படி இறங்கி, பின்கதவைத் திறந்து, சேதாரம் பார்க்க மூடியைத் தூக்கினார்.

ஒரு இதழ்கூட நகரவில்லை. வெள்ளைக் கிரீம், சுற்றிலும் ரோஜா. நடுவில் மாஸ்டரின் சுழித்த கையெழுத்தில், இளஞ்சிவப்பில் எழுதியிருந்தது: "சேதாரம் உண்டா?"

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இன்ஜினியர் பயந்துபோய், "அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். அக்கா கேக்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, பின் சீட்டின் நட்டநடுவில் வெறுமனே வைத்தார். போய் உட்கார்ந்தார்.

எண்பது. கோடு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். பெடல் அதிர்ந்தது. அதிரட்டும் என்று இன்னும் மிதித்தார். நாலு டயரும் ஈரத் தாரைக் கவ்விக்கொண்டன. தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறியது. இந்த வயதுவரை ஒரு டயரிடமும் உன்னிடம் இருப்பதை முழுசாகக் கொடு என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் இவ்வளவு கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. கேக் நிற்கவில்லை. கீழ் அடுக்கு முன்சீட்டின் முதுகில் மோதி அப்பியது. மேல் அடுக்கு இரண்டு சீட்டுக்கும் நடுவில் பறந்து வந்து கியரின்மேல் வெடித்தது.

இன்ஜினியரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு ரோஜா ஒட்டியிருந்தது. அவர் விரலால் கணினித் திரையைத் துடைத்தார். கோடு சுவர் மாதிரி நேராக நின்றது.

"செல்லும்" என்றார். விரலை நக்கிவிட்டு, "நல்லாவும் இருக்கு" என்றார்.

மற்ற எட்டு ஓட்டமும் செல்லுபடியானது. ஒவ்வொன்றிலும் கேக்கின் ஒரு பகுதி புது இடத்துக்குக் குடிபோனது. பத்துக்கு ஒன்பது. தடத்தின் ஓரத்தில் பஸ் அண்ணனும் ராக்கெட்டும் கைதட்டினார்கள். ரேடியோ விசில் அடித்தார். அன்று பகல் பூராவும் அக்கா காரைக் கழுவினார், அதற்கு மட்டும் எவரும் கைகொடுக்கவில்லை.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முன்பு வேனைப் பார்த்து நிற்பாரே, அதே மாதிரி. அக்கா தெருமுனை திரும்பியதுமே அவருக்கு நிலைகொள்ளவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"சேதாரம் உண்டா?"

"முழு சேதாரம்ங்க."

மூடியைத் திறந்து பார்த்தார். அக்கா கரண்டியால் வழித்து எடுத்துவந்த கிரீமும் துகளும் நாலைந்து இதழும்தான் கிடந்தன. தொழில்காரர் பார்வை விடவில்லை.

"மேல் அடுக்கு எங்க?"

"இன்ஜினியர் சட்டையில."

மாஸ்டர் உள்ளே போய் இரண்டு கரண்டி எடுத்துவந்து, ஒன்றை அக்காவிடம் நீட்டினார். அக்காவின் கை பழக்கதோஷத்தில் முதுகுக்குப் பின்னால் போனது.

"பதினாலு வருஷமா நான் போட்டதெல்லாம் அடுத்தவங்க வீட்டுக்கு. பத்திரமாக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு நீ வெறுங்கையோட வருவ. இது ஒண்ணுதான் உனக்குன்னு போட்டது."

அக்கா கரண்டியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"இவ்ளோ நல்லாவா இருக்கும்?" என்றார் அக்கா. "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

பிறகு பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்ததையும் சுரண்டத் தொடங்கினார்.